உதகையில் ஒரு பழைய பங்களா விடுதி: இரண்டு இரவுகள், இரண்டு அறைகள்

குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கும் எனக்கு உதகையில் அறை எடுத்துத் தங்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. 19 கிலோமீட்டர்தான் தொலைவு; காலையில் போய் வேலையை முடித்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவது வழக்கம். இந்தப் பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணத்திலிருந்து அக்கா, அத்தான், அத்தானின் தாயார், அக்கா மகன் ஆகிய நால்வரும் வந்தபோது அந்த வழக்கம் மாறியது. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். தவிர, 78 வயதான அத்தைக்கு ஊட்டியிலேயே இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆகவே, சமவெளியிலிருந்து வருகிறவர்கள் செய்வதைப்போலவே நானும் செல்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து விடுதி தேடினேன்.

விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறையும் குறையும் அறைக்கு அறை மாறுகிற ஒரு விடுதியைப் பெயர் சொல்லிப் புகழ்வதும் இகழ்வதும் முறையாகாது. அதோடு, நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி உதகையின் சரிவுகளில் இருக்கும் இதுபோன்ற பல பங்களாக்களுக்கும் பொருந்தும்.

உதகையில் பழைய பங்களாக்களுக்குக் குறைவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் இங்கே வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து, இந்த ஊர் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களின் ஊராகவே வளர்ந்தது. பின்னாளில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடு மலையேறி வந்தபோது, அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் சமஸ்தானத்து அரச குடும்பத்தினரும் ஆளுக்கொரு குன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் சில பள்ளிகளாகவும் அலுவலகங்களாகவும் ஆயின, சில இடிக்கப்பட்டன, எஞ்சியவற்றில் பல இன்று எட்டு அறையும் பத்து அறையும் கொண்ட 'பூட்டிக் ஹோட்டல்' என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. சவாய், ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனை போன்ற பெரிய பெயர்கள் எங்கள் பைக்கு எட்டாதவை என்பதால் அவற்றை நான் பார்க்கவே இல்லை.

படங்களில் எல்லாப் பங்களாக்களும் ஒன்றுபோலவே இருந்தன: சிவப்பு ஓட்டுக் கூரை, வெள்ளைச் சட்டமிட்ட சன்னல், முன்னால் ஜெரேனியம் தொட்டி, உள்ளே எரிகிற கணப்பு (ஃபயர்பிளேஸ்). இவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மலையில் வாழ்கிறவன் வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் சரிவைப் பார்ப்பான். அதையேதான் நானும் செய்தேன்.

உதகை ஒரு கிண்ணம்போன்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கிண்ணத்தைச் சுற்றி, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் ஸ்னோடன், எல்க் ஹில் முதலிய குன்றுகளும் நிற்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நாளிதழ்களில் வரும் உறைபனிப் படங்கள் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா ஆகிய தாழ்வான இடங்களில் எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன. ஏரியை ஒட்டிய அறை படத்தில் அழகாகத் தெரியும். தை மாதத்தில் அது பனிக்கட்டிப் பெட்டி. குன்றின் உச்சியும் வேண்டாம், அங்கே காற்று அடிக்கும். நடுச்சரிவு, அதுவும் தென்கிழக்கு பார்த்த சரிவு, இதுதான் பனிக்காலத்துக்கு உகந்தது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. வடக்கு பார்த்த சரிவில் இருக்கும் வீட்டுச் சுவர் பிற்பகல் வரையிலும் காயாது.

ஆகவே, மூன்று விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசி ஒரே கேள்வியைக் கேட்டேன்: "காலை வெயில் எந்த அறையில், எத்தனை மணிக்கு விழும்?" முதல் விடுதியில் எடுத்தவர் பெங்களூரில் உட்கார்ந்து முன்பதிவு வாங்குகிறவர், எல்லா அறைகளிலும் இயற்கை வெளிச்சம் உண்டு என்றார். இரண்டாவது விடுதியில், அறையெல்லாம் மலைக்காட்சியோடு இருக்கும் என்று பதில் வந்தது. ஊட்டியில் மலைக்காட்சி இல்லாத சன்னலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது விடுதியில் மட்டும், எடுத்தவர் யாரையோ கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, "மெயின் பில்டிங்ல மூணாம் நம்பர் ரூம் சார், ஏழேகாலுக்கே கட்டில் மேல வெயில் வந்துரும்" என்றார். அந்த அறையையும், மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்து அறை காலியில்லாததால் பின்கட்டில் ஓர் அறையையும் எடுத்தோம். முன்கட்டு அறைக்கு நாளுக்கு 6,200 ரூபாய், பின்கட்டு அறைக்கு 4,800. இரண்டிலும் காலை உணவு சேர்த்தி.

குன்னூரிலிருந்து மலை ரயிலில் போனோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும் அந்தப் பயணத்தை அத்தை சன்னலோரத்தில் இருந்து நகராமல் பார்த்தார். அத்தானின் காரை ஓட்டுநர் தனியாகக் கொண்டுவந்தார். உதகை ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குக் கடைசி 200 மீட்டர் செங்குத்தான ஏற்றம். ஆட்டோ முதல் கியரில் முனகிக்கொண்டுதான் ஏறியது. விடுதியின் வாயிற்கதவு குதிரை வண்டிக்காக வைத்தது போலிருக்கிறது. பெரிய காரில் வருகிறவர்கள் பின்னோக்கி இறங்கும் திறமையோடு வர வேண்டும்.

வாசலில் வரவேற்பது ஒரு பித்தளைப் பலகை: கட்டப்பட்ட ஆண்டு 1819, ஊட்டியின் முதல் பங்களா. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1819-இல் சல்லிவன் தங்கியதோடு சேர்த்துப் பேசப்படும் பங்களா கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் இருக்கிறது. உதகையின் முதல் பங்களா என்பது அவர் அதற்குப் பின்பு கட்டிய 'ஸ்டோன் ஹவுஸ்'. மக்கள் கல் பங்களா என்பார்கள். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது, அறை வாடகைக்குக் கிடைக்காது. விடுதியின் கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், கூடத்து உத்தரங்கள் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தவை என்கிறது. அந்தப் பெருமை, 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குச் சொல்லப்படுவது. திப்புவின் அரண்மனை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஊட்டியின் எல்லா உத்தரங்களுக்கும் அது போதுமா என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆனால், பலகை பொய் சொன்னாலும் கட்டடம் சொல்லவில்லை. தோட்டத்துப் பாத்திக்கு வரம்பாகச் செருகியிருந்த உடைந்த கூரை ஓடு ஒன்றை மூத்த பணியாளர் ஒருவர் எடுத்துக் காட்டினார். பாசியைச் சுரண்டியதும் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கத்தின் முத்திரை தெரிந்தது. மங்களூரில் அவர்களுடைய ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஆகவே இந்தக் கூரையாவது அதற்குப் பிற்பட்டது. அதுவே போதிய வயதுதான். இல்லாத 50 ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வதால் அறை ஒரு டிகிரிகூடக் கூடுதலாகச் சூடேறுவதில்லை.

இனி அறைகளைப் பற்றி. ஓய்வு பெறும்வரை நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவன். கொழுந்து வாட்டும் தளத்தில் ஈரப்பதம் பார்க்கும் ஹைக்ரோமீட்டரில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும், மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டு அளவுகளுக்கும் இடைவெளி அதிகமானால் காற்று உலர்ந்திருக்கிறது என்று பொருள். இடைவெளி குறைந்தால் ஈரம். என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, அதைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "விருந்துக்கு வந்த இடத்துல ஃபாக்டரி வேலையா?" என்று கேட்டாள். முதல் நாள் காலை ஆறு மணிக்கு, முன்கட்டு மூன்றாம் எண் அறையில் உலர் குமிழ் 14, ஈரக் குமிழ் 12 காட்டின. அக்கா மகனும் நானும் படுத்திருந்த பின்கட்டு அறையில் உலர் குமிழ் 11, ஈரக் குமிழ் பத்தரை. ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், 20 அடி இடைவெளி. ஆனால் இரண்டும் இரண்டு வேறு ஊர்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. முன்கட்டின் சுவர்கள் கைம்முழத்துக்கு மேல் தடிமனான கல்லும் செங்கல்லும், மேலே சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெயில் கண்டதும் வெளியே விட்டுவிடும். பின்கட்டு பழைய குதிரை லாயத்தைத் திருத்திக் கட்டியது. மலையை வெட்டிய மண்சுவரை ஒட்டி நிற்கிறது. அதற்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான எமல்ஷன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட்டைச் செதில் செதிலாகத் தள்ளிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் வந்து நிற்கிறது. அந்த இடத்தை மறைக்கத்தான் ஒரு மான் படம் மாட்டியிருந்தார்கள் என்பது, படத்தைச் சற்று நகர்த்தியபோது தெரிந்தது. கம்பளியில் ஓத வாடை. அக்கா மகன் இரண்டாம் இரவு, "மாமா, நான் அம்மா ரூம்ல தரையில படுத்துக்கறேன்" என்று தலையணையோடு கிளம்பிவிட்டான். அறையைக் காட்டும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மாட்டியிருக்கும் படங்களின் பின்னாலும் பாருங்கள்.

மூன்றாம் எண் அறை அதற்கு நேர்மாறானது. மரத்தளம் நடந்தால் மெல்ல முனகுகிறது. சன்னல் திண்டில் இருவர் காலை நீட்டி உட்காரலாம். சொன்னபடியே ஏழேகாலுக்கு எதிர்க்குன்றுக்கு மேலே வெயில் எழுந்து, முதலில் கட்டில் காலையும், பிறகு போர்வையையும், பத்து நிமிடத்தில் அத்தையின் முகத்தையும் தொட்டது. வெளியே புல்தரையின் நிழல் பகுதி அப்போதும் உப்பு தூவியதுபோல வெளுத்திருந்தது. அத்தை எழுந்திருக்க மறுத்துவிட்டார். கல் வீட்டுக்குள் வெயில் காய்வது கும்பகோணத்தில் கிடைக்காத சுகம் என்றார்.

கணப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். இந்த வீடுகளின் கூரை உயரம். சூடு மேலே போய்விடும். அதனால்தான் அன்றைக்கு அறைக்கு ஒரு கணப்பு வைத்தார்கள். இன்று பல இடங்களில் புகைபோக்கியை அடைத்துவிட்டு, கணப்புக் குழியில் மின்விளக்கில் ஒளிரும் பிளாஸ்டிக் கட்டைகளை வைக்கிறார்கள். இந்த விடுதியின் முன்கட்டில் கணப்பு உண்மையானது, புகைபோக்கி இழுக்கிறது. ஒரு கூடைச் சீகை (வாட்டில் மர) விறகுக்கு 450 ரூபாய் தனி என்பது மட்டும் முன்பதிவின்போது சொல்லப்படாத செய்தி. பணியாளர் கற்பூர மரத்துச் (யூகலிப்டஸ்) சுள்ளியை அடியில் வைத்து, மேலே சீகைக் கட்டைகளைக் குறுக்காக அடுக்கி, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தார். இரண்டரை மணி நேரம் எரிந்தது. பின்கட்டில் கணப்பு கிடையாது. குளிருகிறதென்று சொன்னபோது, ஒரு சட்டியில் கரிக் கங்கு கொண்டுவரட்டுமா என்று இளம் பணியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். சன்னலைச் சாத்திய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான். மலையில் எந்த விடுதியிலும், எவ்வளவு குளிர்ந்தாலும், கங்குச் சட்டியை உறங்கும் அறைக்குள் விடாதீர்கள். மின் ஹீட்டர் கேட்டேன். அரை மணி நேரத்தில் வந்தது. அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

வெந்நீர் முன்கட்டில் பெரிய பாய்லரிலிருந்து காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை வருகிறது. பின்கட்டில் 15 லிட்டர் கீசர். ஒருவர் குளித்தபின் அடுத்தவர் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதைக் கேட்காமல் "24 மணி நேரமும் வெந்நீர்" என்ற வாசகத்தை நம்புகிறவர்கள் இரவு பத்து மணிக்கு வருந்துவார்கள்.

முதியவர்களோடு வருகிறவர்களுக்குப் படிகளின் எண்ணிக்கை மிக முக்கியம். கார் நிற்கும் இடத்திலிருந்து முன்கட்டுக்கு 9 படி, சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலும் 5, பின்கட்டுக்கு 22. கல்படிகள் ஒரே உயரத்தில் இல்லை. பனி விழுந்த காலையில் வழுக்கும். கைப்பிடி முதல் ஒன்பது படிக்கு மட்டும்தான். முழங்கால் வலிக்காரரான அத்தைக்கு அந்த மூத்த பணியாளரின் தோள்தான் கைப்பிடியாயிற்று. "பாட்டிம்மா, அவசரமில்ல, இன்னும் நாலு படிதான்" என்று ஒவ்வொரு வேளையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போனார். இரவு ஒன்பது மணிக்குமேல் தோட்டத்தில் இறங்க வேண்டாம், காட்டுமாடு வரும் என்று அவரே எச்சரித்தார். மறுநாள் காலையில் ஜெரேனியம் பாத்தியில் குளம்புத் தடங்கள் இருந்தன.

சாப்பாட்டைப் பற்றி நல்லது அதிகம் சொல்லலாம், ஒன்றைத் தவிர. பட்டியலில் பத்துப் பெயர்கள் ஆங்கிலேயர் காலத்து உணவு என்று இருக்கின்றன, வந்தவை சராசரி. சமையற்காரர் அருகிலுள்ள படகர் ஊர்க்காரர் என்று தெரிந்ததும், பட்டியலை மூடிவிட்டு, அவர் வீட்டில் என்ன செய்வாரோ அதையே செய்யச் சொன்னோம். அன்றிரவு வந்த அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பும் சோறும் இந்த இரண்டு நாட்களில் நாங்கள் சாப்பிட்டவற்றில் முதலிடம் பெறும். அத்தான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த ஒன்று, தேநீர். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொழுந்து மெல்ல வளரும். அந்த மெதுவளர்ச்சியில் மணம் கூடும். பனிக்கால நீலகிரித் தேயிலை என்று உலகச் சந்தையில் தனி மதிப்பு அதற்கு உண்டு. அந்த மாதத்தில், அந்த மலையில், ஒரு பாரம்பரிய விடுதி, வெந்நீர்க் கோப்பையில் நூல் தொங்கும் டீ பேக் ஒன்றைப் போட்டு நீட்டுகிறது. சுற்றிலும் மலையெல்லாம் தேயிலை. கோப்பைக்குள் மட்டும் ஏதோ ஊர்த் தூசி. மேலாளரிடம் சொன்னேன்; விருந்தினர்கள் இதைத்தான் சுத்தமென்று விரும்புகிறார்கள் என்றார். மாலையில் மார்க்கெட் பக்கம் இறங்கி, ஒரு கடையில் சூடான வர்க்கியோடு டஸ்ட் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் என் கோபம் தணிந்தது.

வேறு சில செய்திகள். வெளி மாவட்ட வண்டிகளுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. விடுதி இதை நினைவூட்டவில்லை, அத்தான் கிளம்புமுன் நான்தான் சொன்னேன். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அறையில் மூடிபோட்ட கண்ணாடிக் கூஜா வைத்திருந்தார்கள், கேட்கும்போதெல்லாம் நிரப்பினார்கள்.

கணக்குத் தீர்க்கும்போது ஒரு சிறு தகராறு. இரண்டு அறைக்கும் இரண்டு நாள் வாடகை 22,000 ரூபாய். அதன்மேல் 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 விழுக்காடுதான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த அத்தான் இதையெல்லாம் விடுகிறவர் இல்லை. கணினியில் பழைய விகிதமே இருந்துவிட்டதாக மேலாளர் மன்னிப்புக் கேட்டு, 1,540 ரூபாயைக் குறைத்துப் புதிய ரசீது கொடுத்தார். முகம் சுளிக்காமல் திருத்தியதைப் பாராட்ட வேண்டும். நாங்கள் கேட்காமலிருந்தால் திருந்தியிருக்குமா என்பது வேறு விஷயம்.

போன வாரம், ஈரோட்டிலிருந்து வரும் நண்பர் ஒருவருக்காக அந்த விடுதிக்கு மறுபடி பேசினேன். மூன்றாம் எண் அறை அந்தச் சனி, ஞாயிறில் இல்லை என்றும், பின்கட்டு அறையை 4,000 ரூபாய்க்குத் தருவதாகவும், அங்கே இப்போது புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பதாகவும் மேலாளர் சொன்னார். நண்பரின் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து மூன்றாம் எண்ணையே உறுதி செய்தேன்.